புரோமோவை விட்டுக் கெடேக்குப் போன கதை

எரிமலை பார்க்க ஜாவாத் தீவுக்குப் போக நினைப்பவர்கள் எல்லோரும் இரண்டு தேசியப் பூங்காக்களுக்கு நடுவில் நின்று தடுமாறுவார்கள். ஒன்று தீவின் கிழக்கில் இருக்கும் புரோமோ. மற்றது ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெடே. போன வருடம் ஜூலையில், அங்கே மழையில்லாத மாதத்தில், போவதற்கு நானும் தடுமாறினேன். பிறகு பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, மணித்தியாலங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, பிழையானதைத் தெரிவு செய்தேன். நீங்களும் அந்தப் பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பயணம் ஒழுங்கு செய்வதுதான் என் தொழில். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் பதினாறு வருடமாக டிக்கெட் போடுகிறேன். கனடாவுக்கும் லண்டனுக்கும் எத்தனையோ பேரை அனுப்பிவைத்திருக்கிறேன். அதுவரை நான் போன ஒரே வெளிநாட்டு ஊர் சென்னை. வெள்ளவத்தையில் நானும் அப்பாவும் மட்டும் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். அம்மா காலமாகி நாலு வருடம். தம்பி மெல்பேர்ணில்.

எரிமலை எங்களுக்கு ஒரு சாட்டுத்தான். உண்மையில் தம்பியும் அப்பாவும் சந்திக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தம்பிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது தமிழ்ப் பெடியன்களைத் தேடிய ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் பாதர் ஒருவர் போய்க் கதைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார். அப்பா போகவில்லை. அந்த மூன்று நாளும் அப்பா காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவார், பின்னேரம் ஆறு மணிக்கு வருவார். எங்கே போனார் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் இருந்ததையெல்லாம் விற்றுத் தம்பியை வெளியே அனுப்பினார். அதன்பிறகு பதினொரு வருடம், தம்பி போன் எடுத்து அப்பா ரிசீவரைத் தூக்கினால், “அக்கா நிக்கிறாவோ?” என்ற ஒரு கேள்விதான். அப்பாவும் “ஓம், இந்தா” என்று என்னிடம் தந்துவிடுவார்.

அவன் கொழும்புக்கு வரப் பயந்தான். பயப்பட வேண்டியதுதான், அவன் பெயர் எந்தப் பதிவில் எப்படிக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். அப்பாவுக்கு அவுஸ்திரேலிய விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் மூன்றாவது நாடு. இந்தோனேசியா என்றது தம்பி. புரோமோ என்றதும் அவன்தான். நான்கு மாதம் முன்பே போனில் எனக்கு விளங்கப்படுத்தினான்.

“மலையிலை ஒரு கிராமம் இருக்கு அக்கா. இரவு அங்கை தங்கவேணும். குளிர் எண்டபடியால் ஒருத்தரும் வெளியிலை போகேலாது. அப்பாவும் நானும் ஒரு அறைக்குள்ளை இருந்தால் எப்பிடியும் வாய் திறந்துதானே ஆகவேணும். எனக்கு ஒரு விஷயம் அவரிட்டைக் கேக்கவேணும்.”

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

இனி நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். புரோமோவுக்கு ஜகார்த்தாவிலிருந்து சுரபாயாவுக்கு விமானத்தில் ஒரு மணி இருபது நிமிடம். அங்கிருந்து வான் வண்டியில் நாலு மணித்தியாலம். இரவு தங்கி, விடியுமுன் மூன்றரை மணிக்கு ஜீப்பில் ஏறி மணல்வெளியைக் கடக்க வேண்டும். பிறகு மலையடிவரை குதிரை, அதற்குமேல் இருநூற்றைம்பது படி. கெடேயோ ஜகார்த்தாவிலிருந்து நூறே கிலோமீற்றர். காலையில் போய் இருட்டுமுன் திரும்பிவிடலாம். விமான நிலையமும் கிட்ட.

சண்டைக்காலத்தில் கொழும்பில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்தக் கணக்கில் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போய்வர வழியில் ஐந்து இடத்தில் அடையாள அட்டை காட்டுகிறவள் நான். எங்கே போவதென்றாலும் எத்தனை கிலோமீற்றர் என்று நாங்கள் பார்ப்பதில்லை. எத்தனை தடை, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்றுதான் பார்ப்போம். பின்னேரம் ஆறு மணிக்குமேல் ஆள் வீட்டில் இல்லை என்றால், யாரும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பல்கனியில் நின்று ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

“விடியமுன்னம் ஆரெண்டு தெரியாதவன்ரை ஜீப்பிலை அப்பாவை ஏத்துறதோ? நீ கொழும்பை மறந்துபோனாய்,” என்றேன் தம்பியிடம்.

“அது கொழும்பு இல்லை அக்கா.”

“எந்த ஊரெண்டாலும் வெள்ளாப்பிலை வாகனம் ஏறுறது எனக்குப் பயம்.”

பிறகு, “சரி, உங்கடை விருப்பம்,” என்றான். எனக்கு வென்றுவிட்ட சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு விமானம். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நாற்பது கிலோமீற்றர் கூட இல்லை, ஆனாலும் காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டோம். மூன்று இடத்தில் பைகளைத் திறந்து காட்டியது போக, ஒன்பது இருபதுக்கு வாசலில் நின்றோம். இரண்டாவது தடையில் ஒரு இளம் ஆமிக்காரன் அப்பாவைப் பார்த்து, “சீயா கொஹெத யன்னே?” என்று, எங்கே பயணம் தாத்தா என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா ரயில்வேயில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்தவர், சிங்களம் தண்ணிபட்ட பாடு. “கந்தக் பலன்ன,” மலை பார்க்க, என்றார் அமைதியாக. மலை பார்க்க ஏன் பிளேன் என்று அவன் சிரித்துக்கொண்டே பையை மூடிவிட்டான். அன்று அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். புதுச் சேர்ட் போட்டிருந்தார். பொக்கெற்றில் அடையாள அட்டையும், அதற்குப் பின்னால், கொழும்பில் தங்கத் தமிழர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் போட்டோ கொப்பியும். ஜாவாவில் அதைப் பார்க்க ஆளில்லை என்று சொன்னேன். “கிடக்கட்டும் பிள்ளை, பாரமே?” என்றார்.

சிங்கப்பூரில் மாறி ஜகார்த்தா போய்ச் சேர இரவு பத்து மணியாகிவிட்டது. தம்பி காலையிலேயே வந்து காத்திருந்தான். முப்பது வயது, முன்பக்கம் கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தான். அப்பாவுக்கு முன்னால் வந்ததும் கை இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய பையை வாங்கிக்கொண்டான்.

“பயணம் எப்பிடி?” என்றான்.

“சுகம். நீ சாப்பிட்டியே?” என்றார் அப்பா.

பதினொரு வருடத்துக்கு அவ்வளவுதான். சனிக்கிழமை முழுவதும் ஹோட்டலைச் சுற்றிச் சுற்றியே நடந்தோம். இருவரும் என்னை நடுவில் விட்டுக் கதைத்தார்கள். “அப்பாவுக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ அக்கா.” “தம்பி களைச்சுப்போனான் போலை, படுக்கச் சொல்லு பிள்ளை.” மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்குச் சலித்துவிட்டது. தம்பிக்கு லீவு குறைவு, திங்கள் காலை பத்து மணிக்கு அவனுக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வான் வந்தது. சாரதியோடு ஒரு நாளுக்கு நாலரை லட்சம் ரூபியா, அப்போதைய இலங்கைக் காசில் ஐயாயிரத்து நானூறு போல. சாரதியின் பெயர் அகுஸ். ஐம்பது வயதிருக்கும், கொஞ்சம் இங்கிலிஷ் பேசுவார். நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டும் வாசலில் வான் மெதுவானதும், முன்னால் இருந்த அப்பா பொக்கெற்றில் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். அகுஸ் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார், வான் போய்விட்டது. அப்பா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொக்கெற்றில் வைத்தார். தம்பி பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

புஞ்சாக் என்ற இடத்தில் மலை ஏறத் தொடங்கியதும் எங்கள் மலைநாட்டைப் போல இரண்டு பக்கமும் தேயிலை. குளிர்காற்று, பாதையோரத்தில் மரக்கறிக் கடைகள்.

“நுவரெலியாவைப் பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?” என்றார் அப்பா. தம்பி பலமாகச் சிரித்துவிட்டான். அப்பாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு நல்லது நடக்கப்போகிறது என்று நான் நினைத்தேன்.

ஒன்பது இருபதுக்கு கெடே பூங்காவின் சிபோடாஸ் வாசலில் இறங்கினோம். வெளிநாட்டவருக்கு ஆளுக்கு இருபதாயிரம் ரூபியா. அங்கேதான் என் கெட்டித்தனம் வெளிச்சத்துக்கு வந்தது. வாசலில் இருந்த பூங்கா ஊழியர் எரிமலை வாய்க்கு எவ்வளவு தூரம் என்பதைச் சுவரிலிருந்த படத்தில் காட்டினார். நடந்து போகப் பத்துக் கிலோமீற்றர், முழுக்க ஏற்றம், நல்ல நடையென்றாலும் ஐந்தாறு மணித்தியாலம். அதற்கு முன்கூட்டியே அனுமதியும் எடுத்திருக்க வேண்டும். வானில் போகும் நூறு கிலோமீற்றரை நான் எழுதிவைத்தேன், காலால் போகும் பத்தைக் கவனிக்கவேயில்லை. முழங்கால் வருத்தம் உள்ள எழுபத்தொரு வயது மனிதருக்கு, ஜீப்பும் குதிரையும் போகும் மலையை விட்டுவிட்டு, கால் மட்டுமே போகும் மலையைத் தெரிவு செய்திருக்கிறேன். பதினாறு வருட அனுபவம்.

“பறவாயில்லை பிள்ளை,” என்றார் அப்பா. “எரிமலை ஒரு இடமும் ஓடாது. ஏலுமான அளவு நடப்பம்.”

ஒன்றரைக் கிலோமீற்றரில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பாசியால் நீலமாகத் தெரியும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று பச்சையாகத்தான் கிடந்தது. கல் பதித்த பாதை ஈரமாக வழுக்கியது. ஒரு இடத்தில் அப்பா தடுமாறியபோது தம்பி கையைப் பிடித்தான். பிறகு அந்தக் கையை விடவேயில்லை. மற்றவர்கள் முப்பது நிமிடத்தில் போகும் தூரத்துக்கு எங்களுக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம். குளத்தடியில் ஒரு மரவாங்கு இருந்தது. அப்பா அதில் இருந்தார். பக்கத்தில் தம்பியும் இருந்தான். நான் கொண்டுபோன பாணையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அன்றைய நாளில் ஒரேயொரு புத்தியான காரியம் செய்தேன். இன்னும் ஒன்றேகால் கிலோமீற்றரில் இருக்கும் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்களைத் தனியே விட்டுப் போனேன். சதுப்புக்கு மேலே பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள், போகிறவர்கள் சப்பாத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று நீர்வீழ்ச்சி. அழகுதான். எனக்கு மனம் அங்கே நிற்கவில்லை. ஒரு பாறையில் இருந்து, வேண்டுமென்றே நேரத்தைக் கடத்திவிட்டு மெதுவாகத் திரும்பினேன்.

ஒன்று முப்பத்தைந்துக்குக் குளம் கண்ணில் பட்டது. இருபது முப்பது அடி தூரத்தில் நின்றுவிட்டேன். அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து, தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, விட்டுவிட்டுக் கதைத்தார். தம்பி அவர் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தான். அவன் முகத்தை அப்படி நான் சின்ன வயதில்கூடக் கண்டதில்லை. என்ன கதை என்று காதில் விழவில்லை, ஆனால் எதைப் பற்றி என்று எனக்கு விளங்கிவிட்டது. நெஞ்சு நிறைந்தது. ஏழெட்டு நிமிடம் அப்படியே மரத்தடியில் நின்றேன்.

பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இரண்டு ஆகப்போகிறது. வாசலுக்கு இறங்க ஒரு மணித்தியாலம், ஜகார்த்தாவுக்கு மூன்று. ஆறு மணி. ஆறு மணிக்கு அங்கே இருட்டிவிடும். புது ஊர், இருட்டில் அப்பாவையும் இளம் பெடியன் ஒருவனையும் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்பதா? முப்பது வயது அவுஸ்திரேலியக் குடிமகனை அந்த நேரம் பெடியன் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று உடம்பு பதறியது. எங்களை நிறுத்தி யார் என்று கேட்க அந்தத் தீவில் ஒருவருமில்லை என்பது மூளைக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. நேரே நடந்து போய், “அப்பா, நேரமாச்சு,” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் இருப்பம் அக்கா,” என்றான் தம்பி.

“ரோட்டிலை மாட்டுப்பட்டால் என்ன செய்யிறது? இருட்டமுன்னம் போய்ச் சேரவேணும்.”

அப்பாவின் உடம்பும் என் உடம்பைப் போலத்தான் பழகியிருந்தது. நான் சொல்லி முடிக்குமுன் வாங்கைப் பிடித்து எழும்பத் தொடங்கிவிட்டார். “அக்கா சொல்லுறது சரி தம்பி. வெளிக்கிடுவம். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்,” என்றார்.

வாசலில் அகுஸ் வானுக்குள் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம். ஞாயிறு பின்னேரம் ஜகார்த்தாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மலையை விட்டு இறங்குவார்கள், இப்போது போனால் நடுவழியில் நிற்போம், ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பாதை வெறுமையாக இருக்கும், தனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினார். தேத்தண்ணிக் கடையைக்கூடக் காட்டினார். நான் கேட்கவில்லை. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும், அந்த நினைப்பு.

அகுஸ் சொன்னபடியே நடந்தது. மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, மூன்று மணித்தியாலப் பாதைக்கு ஐந்தேகால் மணித்தியாலம் எடுத்தது. வரும்போது அப்பாவின் முழங்காலுக்கு வசதியாகப் பின்சீற்றை அவருக்கு விட்டுவிட்டுத் தம்பி முன்னால் இருந்தான். அப்பா நித்திரையாகிவிட்டார். அசையாமல் நின்ற வானுக்குள், கண்முன்னால் இருட்டியது. ஹோட்டலில் இறங்கும்போது எட்டேகால். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் மறிக்கவில்லை. அப்பாவுக்கு லேசான காய்ச்சல் இருந்தது, பனடோல் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பி ராக்சியில் ஏறினான். அப்பா ராக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “போன் எடு,” என்றார். “ஓம் அப்பா, எடுக்கிறன்,” என்றான் அவன்.

சொன்னபடி எடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும். இப்போது “அக்கா நிக்கிறாவோ” இல்லை, நேரே “அப்பா” என்பான். சாப்பாடு, காலநிலை, முழங்கால், மெல்பேர்ணில் வீட்டு வாடகை என்று இருவரும் கதைப்பார்கள். அந்த மிச்சத்தை மட்டும் கதைக்கவில்லை. எங்கள் வீடுகளில் டெலிபோனில் பொலிஸ் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை, யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்ற பயம். அடுத்த வருடம் புரோமோவுக்குப் போவதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஜூலைக்கு டிக்கெட் விலை பார்த்து வைத்திருந்தேன்.

இந்த வருடம் பெப்ரவரியில் அப்பா போய்விட்டார். காலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார், ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லை. தம்பி வரவில்லை. வராதே என்று நான்தான் சொன்னேன். பொரளை கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தது அப்பாவின் மருமகன் முறையான ஒருவர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம் தம்பி போன் எடுத்தான். சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், நான் பல்கனிக்கு வந்து நின்று கதைத்தேன். இனி ஆர் ஒட்டுக்கேட்டால் என்ன என்று நினைத்தோ என்னவோ, அவனாகவே சொன்னான்.

“அண்டைக்குக் குளத்தடியிலை அப்பா சொன்னவர் அக்கா. மூண்டு நாளும் ஸ்ரேஷனுக்கு முன்னாலை பஸ் ஹோல்ட்டிலை நிண்டவராம். காலமை ஏழரையிலையிருந்து. நான் ஒருக்கால் ஜன்னலடிக்கு வந்ததையும் கண்டவராம்.”

நான் பல்கனிக் கதவைச் சாத்தினேன்.

“ஏன் அப்பா உள்ளுக்கு வரேல்லை எண்டு கேட்டன். கன நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, ‘அது ஏனெண்டால் தம்பி’ எண்டு தொடங்கினார்.”

“பிறகு?”

“பிறகு நீங்கள் வந்தீங்கள்,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தினமும் யோசிக்கிறேன். யாராவது பயமுறுத்தியிருக்கலாம். யாழ்ப்பாண முகவரி போட்ட அட்டையோடு உள்ளே போனால் தன்னையும் வைத்துக்கொள்வார்கள், பிறகு அவனை எடுக்க ஆளில்லை என்று நினைத்திருக்கலாம். பாதரிடம் போகும்படி ஆள் அனுப்பியதே அவராக இருக்கலாம். அல்லது வெறும் பயமாகவும் இருக்கலாம், அதையும் அவர் வாயால் கேட்டிருந்தால் தம்பி மன்னித்திருப்பான். பாதரும் இப்போது உயிரோடு இல்லை. நான் கட்டுகிற காரணம் எதுவும் அவன் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வயதானவர்களைக் கூட்டிப்போவதென்றால் புரோமோவுக்கே போங்கள், தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுரபாயாவில் இறங்கினால் வான் கிடைக்கும், விடியற்காலை ஜீப் ஓட்டுகிறவர்கள் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள், ஏறலாம். குளிருக்கு நல்ல சுவெற்றர் கொண்டுபோங்கள். கெடேதான் வேண்டுமென்றால் மேலே ஏறும் அனுமதியை முன்னரே எடுங்கள், எந்த மாதம் பாதையை மூடுவார்கள் என்பதையும் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, எங்களுடைய பாஸ்போட்டுக்கு என்ன நிலைமை என்று தூதரகத்தில் விசாரியுங்கள். குளத்துக்குப் போகும் கல் வழுக்கும், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு தடி வேண்டும்.

குளத்தடியில் ஒரே ஒரு மரவாங்குதான் இருக்கிறது. அதில் உங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தால், எத்தனை மணியானாலும் கிட்டப் போகாதீர்கள்.